இடி மழையில் மைனிங் மெஷினைக் காப்பாற்ற நான் செய்தது

குலசேகரம் பக்கம் சித்திரையிலும் ஐப்பசியிலும் மதியம் தாண்டினாலே மலைப்பக்கம் இடி முழங்கும், கரண்ட் போய்ப் போய் வரும். அப்படி ஒரு சாயங்காலம் பிட்காயின் என்ற டிஜிட்டல் காசுக்காகக் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும் என் மைனிங் மெஷினின் பவர் சப்ளை செத்துவிட்டது. திறந்தால், கரண்ட் நுழையும் இடத்தில் இருக்கும் அதிக வோல்டேஜை உறிஞ்சும் எம்ஓவி என்ற நீல வட்டு வெடித்து, சுற்றிலும் கரி அப்பியிருந்தது.

கரண்டைத் தானாக வெட்டும் சுவிட்சான எம்சிபி ட்ரிப் ஆகவே இல்லை. ஆகாது, அது ஓவர்லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான், மைக்ரோ செகண்டில் வந்து போகும் சர்ஜ், அதாவது திடீர் வோல்டேஜ் எகிறல், அதற்குத் தெரியவே தெரியாது. அதனால் வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துத் தரும் டிபி பாக்ஸில், சர்ஜைத் தடுக்கும் டைப் 2 எஸ்பிடி என்ற கருவியைப் போட்டேன்.

ஆனால் எர்த் சரியில்லாமல் எஸ்பிடி மாட்டுவது வீண் செலவு, ஏனென்றால் அது சர்ஜைத் தள்ளிவிடுவதே எர்த்துக்குத்தான். எங்கள் பழைய எர்த் பைப் துருப்பிடித்து இற்றுப்போயிருந்தது. எலக்ட்ரீஷியன் அண்ணன் செம்புப் பூச்சு ராடு இறக்கி, பென்டோனைட் களிமண் போட்டு மூடி, மீட்டர் வைத்து எர்த்தின் தடை 5 ஓமுக்குக் கீழே வந்த பிறகுதான் விட்டார். எஸ்பிடி ஒயர்களையும் அரை மீட்டருக்குள், வளையம் இல்லாமல் இழுத்தார்.

அப்புறம் நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர். தென்னை மட்டை விழுந்து லைனில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம், அதை எஸ்பிடி தாங்காது. அதற்கு 270-ல் கட் ஆகும் வோல்டேஜ் ரிலே தனியாக வைத்தேன், கரண்ட் வந்தாலும் சில நிமிடம் கழித்தே ஆன் ஆகும்.

லேன் ஒயர் வழியாகவும் சர்ஜ் வரும். ரவுட்டருக்கும் மெஷினுக்கும் நடுவே கரண்ட் கடத்தாத ஃபைபர் போட்டுவிட்டேன். இவ்வளவுக்கும் பிறகும், இடி நெருங்கினால் கரண்டை முழுசாகத் துண்டிக்கும் ஐசொலேட்டர் சுவிட்சை இறக்கிவிடுகிறேன்.