இ-வே பில்லை முந்தைய நாளே தயார் செய்யுங்கள்

திருப்பூர், கரூர் போன்ற ஊர்களிலிருந்து லாரி பார்சலில் வெளிமாநிலங்களுக்குச் சரக்கு அனுப்பும் சிறு தொழில் முனைவோர் பலர், பண்டல்களைப் புக்கிங் அலுவலகத்தில் இறக்கிய பிறகே இ-வே பில் (ஜிஎஸ்டி விதிப்படி சரக்குடன் செல்ல வேண்டிய மின்னணுச் சீட்டு) போடத் தொடங்கி, மாலை நெரிசலில் வீணாகக் காத்திருப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இந்தப் பில் அவசியம் என்றாலும், அதற்காக லாரி எண் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்வாய்ஸ் விவரங்களையும் பெறுபவரின் ஜிஎஸ்டி எண்ணையும் டிரான்ஸ்போர்ட்டர் ஐடியையும் (லாரி நிறுவனத்தின் அடையாள எண்) கொண்டு 'பார்ட் ஏ'வை முந்தைய நாளே நிரப்பிவிட்டால், லாரி எண்ணுக்குரிய 'பார்ட் பி'யைச் சரக்கு ஏற்றும்போது லாரி நிறுவனத்தாரே நிரப்பிக்கொள்வார்கள். இதனால் பில் முன்கூட்டியே காலாவதியாகிவிடுமோ என்ற தயக்கம் வேண்டாம்; சாதாரணச் சரக்கிற்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கு, பார்ட் பி பதிவான பிறகே தொடங்குகிறது. பார்ட் ஏ மட்டும் 15 நாட்கள் வரை காத்திருக்கும்.

பின்கோடை மட்டும் இருமுறை சரிபாருங்கள். தூரம் அதை வைத்தே கணக்கிடப்படுகிறது. உருவான பில்லைத் திருத்த வழியில்லை என்பதால், பிழை இருந்தால் 24 மணி நேரத்திற்குள் ரத்து செய்து புதிதாகவே போட வேண்டியிருக்கும்.