புவெர்தோ எஸ்கோந்திதோவில் வாடகை வீடு: முதல் நாளே பார்த்துவிட வேண்டியவை

மெக்சிகோவின் பசிபிக் கரையில், வஹாக்கா மாநிலத்தில் இருக்கிறது புவெர்தோ எஸ்கோந்திதோ. அங்கே ஹோட்டலில் தங்குபவர்களுக்கு இந்தப் பதிவு அவ்வளவாகத் தேவைப்படாது. வீடு எடுத்துத் தங்குபவர்களுக்குக் கட்டாயம் தேவைப்படும். தண்ணீர்த் தொட்டி, காஸ், கரண்ட் எல்லாவற்றையும் நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். வீட்டுக்காரர் பல சமயம் வேறு ஊரில் இருப்பார். அவரிடமிருந்து பதில் வருவதற்குள் குளியலறையில் சோப்போடு நிற்க வேண்டிவரும். விசா, விமானம் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் நேராக வீட்டுக்கு வருகிறேன்.

படி 1: எந்தப் பகுதி?

"கடலுக்குப் பக்கம்" என்று விளம்பரத்தில் இருந்தால் எந்தக் கடற்கரை என்று கேளுங்கள். சிக்கத்தேலா நீளமான, அழகான கடற்கரை. ஆனால் குளிக்க ஏற்றதல்ல (கீழே விரிவாக எழுதியிருக்கிறேன்). லா புன்டா இளைஞர்கள் கூடும் இடம், இரவில் சத்தம் இருக்கும். ரின்கொனாதா பகுதி அமைதியானது. பக்கத்திலேயே கர்ரிசலியோ கடற்கரை. அங்கே இறங்க நூற்றைம்பதுக்கும் மேல் படிக்கட்டுகள் உண்டு. முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப்போனால் இதை முன்கூட்டியே யோசியுங்கள். நெடுஞ்சாலைக்கு மேலே, பெனீத்தோ ஹுவாரெஸ் சந்தைப் பக்கம் வீடு எடுத்தால் வாடகை குறையும், காய்கறி பக்கத்தில் கிடைக்கும், கடலுக்கு மட்டும் டாக்சி வேண்டும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்வது ரின்கொனாதாதான்.

2024 பிப்ரவரியில் வஹாக்கா நகரத்திலிருந்து புதிய நெடுஞ்சாலை திறந்தார்கள். முன்பு மலை வழியில் ஆறேழு மணி நேரம் பிடித்த பயணம் இப்போது மூன்று மணி நேரத்துக்குள் முடிகிறது. நீண்ட வார இறுதி, ஈஸ்டர் வாரம், டிசம்பர் என்றால் கூட்டம் நிச்சயம், முன்பதிவு செய்துவிடுங்கள்.

படி 2: பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

தரையடித் தொட்டி இருக்கிறதா? மோட்டார் தானாக ஓடுமா, சுவிட்ச் போட வேண்டுமா? தண்ணீர் லாரி வரவழைத்தால் யார் செலவு? மாதக்கணக்கில் தங்கினால் கரண்ட் பில் யாருடையது? இவற்றை எழுத்தில், முன்பதிவுத் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே கேளுங்கள். வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டால் பிறகு பிரச்சினை வரும்போது தளத்துக்காரர்களிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

படி 3: தண்ணீர்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் போக வேண்டும். அங்கே நாங்கள் எடுத்த வீட்டில் பாதி நாள் குழாயில் காற்று மட்டும் வந்த பிறகு உட்கார்ந்து கற்றுக்கொண்ட விஷயம் இது.

நம் ஊர் அமைப்புதான். தெருக்குழாய்த் தண்ணீர் சில நாட்கள் மட்டும் வரும். அது தரையடித் தொட்டியில் விழும். மோட்டார் அதை மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றும். அங்கே அதைத் தினாக்கோ என்பார்கள். பெரும்பாலும் கறுப்பு நிற ரோட்டோபிளாஸ் தொட்டி, பல வீடுகளில் 1100 லிட்டர். தெருத் தண்ணீர் வராமல் போனால் பீப்பா எனப்படும் லாரியை அழைத்துத் தரையடித் தொட்டியை நிரப்புவார்கள்.

வீட்டுக்குள் போனதும், பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்:

தரையடித் தொட்டியின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பாதிக்குக் கீழே இருந்தால் ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு உடனே அனுப்பி, லாரி எப்போது வரும் என்று கேளுங்கள். காலியான பிறகு கேட்டால் கூட்ட நாட்களில் லாரிக்குக் காத்திருக்க வேண்டியதாகிவிடும். அப்புறம் மோட்டார் சுவிட்ச் எங்கே என்று கண்டுபிடியுங்கள். கையால் போடும் சுவிட்ச் என்றால், கீழே தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காமல் ஒருபோதும் போடாதீர்கள். வறண்டு ஓடினால் மோட்டார் எரிந்துபோகும்.

சரி, மேல்தொட்டி ஒருமுறை முழுக்கக் காலியாகி, பிறகு நிரம்பிவிட்டது என்று வையுங்கள். குளிர்ந்த நீர் நன்றாக வருகிறது, வெந்நீர்க் குழாயில் மட்டும் சொட்டுச் சொட்டாக வருகிறது, அல்லது ஒன்றுமே வரவில்லை. ஹீட்டர் கெட்டுவிட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள். பெரும்பாலும் ஹீட்டரில் கோளாறு இருக்காது. தொட்டி காலியானபோது வெந்நீர்க் குழாய்க்குள் காற்று புகுந்து அடைத்திருக்கும். தொட்டி ஷவருக்கு இரண்டு மூன்று மீட்டர் மேலேதான் இருக்கிறது. பத்து மீட்டர் உயரம் இருந்தால்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். இங்கே கிடைப்பது அதில் நான்கில் ஒரு பங்கு. வளைந்து நெளிந்து போகும் குழாயில் உட்கார்ந்திருக்கும் காற்றைத் தள்ள அந்த அழுத்தம் போதாது.

முதலில் ஹீட்டருக்குப் போகும் காஸை மூடுங்கள். வீட்டிலேயே மிகத் தாழ்வாக இருக்கும் வெந்நீர்க் குழாயை, பெரும்பாலும் தரைத்தளத்துச் சமையலறைக் குழாயை, முழுக்கத் திறந்து விட்டுவிடுங்கள். சில நிமிடம் துப்பித் துப்பி வரும். சீராக வந்ததும் மூடிவிட்டு அடுத்த உயரத்துக் குழாய், கடைசியில் மாடி ஷவர். மேலிருந்து கீழே வராதீர்கள், கீழிருந்து மேலே போங்கள். இதற்கும் மசியவில்லை என்றால், குளிர்நீரும் வெந்நீரும் ஒரே வாயில் வரும் குழாயைப் பிடியுங்கள். வாயை உள்ளங்கையால் இறுக்கி அடைத்துக்கொண்டு இரண்டு கைப்பிடிகளையும் திறங்கள். குளிர்நீர் வெந்நீர்க் குழாய்க்குள் பின்பக்கமாக ஏறிக் காற்றை மேலே தள்ளும். மொட்டைமாடியில் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் மெல்லிய காற்றுக்குழாய் வழியாக அது வெளியே போய்விடும். அரை நிமிடம் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இன்னொன்று: குழாயில் C என்ற எழுத்து வெந்நீர், F குளிர்ந்த நீர். ஸ்பானிய எழுத்துகள் அவை. குழந்தைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், கை சுட்டுக்கொள்வார்கள்.

படி 4: காஸ் ஹீட்டர்

பல வீடுகளில் இருப்பது தண்ணீர் ஓடும்போது மட்டும் எரியும் வகை. குழாயைத் திறந்துவிட்டு ஹீட்டர் பக்கத்தில் நின்று காது கொடுங்கள். டிக் டிக் சத்தமே இல்லையென்றால் தண்ணீர் அழுத்தம் குறைவு, அல்லது அடியில் உள்ள பேட்டரி தீர்ந்துவிட்டது. பெரும்பாலும் இரண்டு பெரிய டி வகை பேட்டரி, ஆக்ஸோ என்ற தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும். டிக் டிக் வந்தும் தீ பிடிக்கவில்லையென்றால் காஸ் தீர்ந்திருக்கும், அல்லது வால்வு மூடியிருக்கும். காஸ் வாடை அடித்தால் எதையும் பற்றவைக்காதீர்கள், சுவிட்சைத் தொடாதீர்கள். சிலிண்டர் வால்வை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து வீட்டுக்காரரை அழையுங்கள். அவசர எண் 911.

மத்தியானம் குளிப்பவர்களுக்கு ஹீட்டரே வேண்டாம். கறுப்புத் தொட்டி வெயிலில் காய்ந்து தண்ணீர் இதமாகவே வரும்.

படி 5: குடிநீர், காய்கறி

குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. 20 லிட்டர் கேன், அங்கே கர்ராஃபோன். காலிக் கேனைக் கொடுத்து நிரம்பியதை வாங்க வேண்டும், அதனால் காலிக் கேனைத் தூக்கிப் போடாதீர்கள். இல்லாவிட்டால் கேனுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்க வேண்டும். கேன் மேலே பொருத்தும் பம்பில் கையால் அமுக்குவதையே நான் விரும்புகிறேன். சார்ஜ் செய்யும் பம்ப் உப்புக்காற்றில் சீக்கிரம் மக்கர் செய்கிறது.

பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, தக்காளி, கீரைக்கு மைக்ரோடின் போன்ற கிருமிநாசினிச் சொட்டு விற்கிறார்கள், சூப்பர் மார்க்கெட்டில் காய்கறிப் பகுதியிலேயே இருக்கும். புட்டியில் போட்டிருக்கும் அளவு, நேரப்படி ஊறவைத்தால் போதும். கழிப்பறைக் காகிதத்தைக் கோப்பைக்குள் போடாமல் பக்கத்துக் கூடையில் போடுங்கள். அங்கே கழிவுக் குழாய்கள் அதைத் தாங்காது.

படி 6: கரண்ட்

அங்கே 127 வோல்ட், அமெரிக்க பிளக். போன், லேப்டாப் சார்ஜர் பிரச்சினையில்லை. ஊரிலிருந்து மிக்ஸி, கெட்டில் கொண்டுபோகாதீர்கள். 230 வோல்ட் சாதனம் அங்கே ஒழுங்காக ஓடாது. நீண்ட நாள் தங்கி, பில் உங்களுடையது என்றால், போன நாளும் கிளம்பும் நாளும் மீட்டரைப் போட்டோ எடுங்கள். பயன்பாடு அதிகமாகிவிட்டால் அந்த வீட்டை அதிகக் கட்டண வகைக்கு மாற்றிவிடுவார்கள், அதனால்தான் வீட்டுக்காரர்கள் ஏசி விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறார்கள். நான் ஏசியைவிடக் கொசுவலையையும் மின்விசிறியையும் நம்புகிறேன். டெங்கு உள்ள கரை அது, பகலிலும் மாலையிலும் கதவைத் திறந்து போடாதீர்கள். காலையில் செருப்பை உதறிவிட்டுப் போடுங்கள், தேள் உண்டு.

படி 7: பணம்

வங்கிக் கட்டடத்தில் இருக்கும் ஏடிஎம் மட்டும். "உங்கள் நாட்டுப் பணத்தில் மாற்றித் தரட்டுமா" என்று திரை கேட்கும்போது மறுத்துவிடுங்கள். மறுத்தாலும் பெசோ வரும், உங்கள் வங்கியின் விகிதத்தில் வரும், அதுதான் லாபம். டாலர் குறி போட்ட விலைப்பட்டியலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அது பெசோதான். டாக்சியில் மீட்டர் கிடையாது. ஏறும் முன் விலை பேசுங்கள், 500 பெசோ நோட்டை நீட்டாதீர்கள்.

படி 8: சைவமாகச் சாப்பிடுபவர்களுக்கு

தட்டு பார்க்கச் சைவமாக இருந்தாலும் உள்ளே பன்றிக்கொழுப்பு இருக்கலாம். வஹாக்காவின் பெரிய மொறுமொறு அடையான த்லயூதாவின் மேல் முதலில் தடவுவதே அசியென்தோ என்ற கொழுப்பு. "சின் அசியென்தோ, சின் கார்னே" (அசியென்தோ இல்லாமல், இறைச்சி இல்லாமல்) என்று சொல்லிவிடுங்கள். கறுப்பு பீன்ஸ் பற்றி "யேவா மன்தேக்கா?" என்று கேளுங்கள், கொழுப்பு சேர்த்திருக்கிறார்களா என்று அர்த்தம். சாதத்தைக் கோழிச்சாறில் வேகவைப்பதும் உண்டு. மாங்காய்த் துண்டின் மேல் தூவும் சிவப்பு உப்பு புழு அரைத்த உப்பாக இருக்கலாம், குவாக்கமோலே என்ற அவகாடோ மசியல் மேல் வறுத்த வெட்டுக்கிளி வரலாம். கவலைப்படாமல் சாப்பிடக்கூடியவை பூசணிப்பூவும் வஹாக்கா சீஸும் வைத்து மடித்த அடையான கெசதியா, நோபல் என்ற சப்பாத்திக்கள்ளி வறுவல், புளிச்சாறு. தோர்த்தியா என்ற சோள ரொட்டியைக் கிலோக்கணக்கில் சூடாக வாங்கி வந்து வீட்டில் குழம்போடு சாப்பிட்டுப் பாருங்கள், நன்றாகவே சேர்கிறது.

படி 9: கடல்

இதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். சிக்கத்தேலா உலகப் புகழ்பெற்ற அலைச்சறுக்கு இடம். பெரிய அலை கரைக்கு மிக அருகில் உடைந்து விழும், கீழே இழுப்பு கடுமையாக இருக்கும். காலை நனைப்பதற்குக்கூடக் குழந்தையைத் தனியாக விடாதீர்கள். பகோச்சோவிலும் இழுப்பு அதிகம், மாலையில் ஆமைக்குஞ்சு விடுவதைப் பார்க்கப் போகலாம், கரையில் நின்று பார்த்தால் போதும். குளிப்பதற்குப் புவெர்தோ ஆன்ஹெலித்தோ, பக்கத்தில் மன்சனியோ, அலைச்சறுக்கு கற்றுக்கொள்ளக் கர்ரிசலியோ. கொடி சிவப்பு என்றால் எந்தக் கடற்கரையானாலும் தண்ணீருக்குள் வேண்டாம்.

ஒருவேளை இழுப்பில் மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வந்த பிறகு கரை திரும்புங்கள். முடியவில்லையென்றால் மிதந்தபடி கையைத் தூக்கிக் காட்டுங்கள்.

சேர்க்கை (வாசகர்கள் கேட்டதற்குப் பிறகு)

மழைக்காலத்தில் போகலாமா என்று பலர் கேட்டார்கள். பசிபிக் புயல் காலம் மே நடுவிலிருந்து நவம்பர் முடிவு வரை. 2022 மே 30 அன்று அகதா புயல் இதே கரையில், புவெர்தோ ஆன்ஹெல் அருகில்தான் கரையைக் கடந்தது. போகலாம், ஆனால் பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவாக எடுங்கள், மழை வலுக்கும் முன்பே மேல்தொட்டியை நிரப்பிவையுங்கள். கரண்ட் போனால் மோட்டார் ஓடாது.

நிலநடுக்கம் பற்றி ஒரு அக்கா கேட்டிருந்தார். இந்த மாநிலத்தில் அடிக்கடி வரும். 2020 ஜூன் 23 அன்று வந்தது 7.4 அளவு. வீட்டைச் சுற்றிப் பார்க்கும்போதே மேட்டுக்குப் போகும் வழியையும் பார்த்துவையுங்கள். கரையோர வீட்டில் நிற்க முடியாத அளவுக்கு ஆடினால், சுனாமி வரலாம், ஆட்டம் நின்றதும் அறிவிப்புக்குக் காத்திருக்காமல் மேட்டுக்குப் போய்விட வேண்டும்.

வெந்நீர்க் குழாயில் உள்ளங்கை வைத்தும் தண்ணீர் வரவில்லை என்று எழுதியவருக்கு: குழாய் நுனியில் இருக்கும் சல்லடையைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். தொட்டி காலியாகும்போது அடியில் கிடந்த மணல் எல்லாம் அங்கே வந்து சேர்ந்திருக்கும். கழுவி மாட்டுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் ஹீட்டருக்குள் தண்ணீர் நுழையும் இடத்து வடிகட்டி அடைத்திருக்கும். அதை நீங்கள் பிரிக்க வேண்டாம், வீட்டுக்காரர் ஆள் அனுப்பட்டும்.