கல்லடியில் கண்ணைத் திருப்பிய கதை

மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பழைய பாலத்தடியில் வீச்சுவலை வீசுகிற மீனவரை நான் எடுத்த படங்களில் ஒரே சிக்கல், பார்க்கிறவர் கண் அவரிடம் நிற்காமல் வலது ஓரத்தில் கட்டிக் கிடந்த வெள்ளைத் தோணிக்கே ஓடியது. சுற்றியிருப்பதைவிடப் பளிச்சென்று தெரிவதைத்தான் கண் முதலில் பிடிக்கும், அது ஓரத்தில் இருந்துவிட்டால் பார்வையைப் படத்துக்கு வெளியிலேயே இழுத்துக்கொண்டு போய்விடும்.

படத்தின் ஓரத்தை வெட்டித் தோணியை நீக்கிப் பார்த்தேன், ஆனால் மீனவர் நடுவில் வந்து படம் உயிரோட்டமில்லாமல் நின்றது. அப்புறம் கரையோரமாக நகர்ந்து, கமராவைத் தண்ணீர் மட்டத்துக்குத் தாழ்த்தினேன். 1924இல் திறந்த அந்த இரும்புப் பாலம் இப்போது மேல் இடது மூலையில் பெரிதாகத் தொடங்கி, தூரம் போகப் போகச் சிறுத்துச் சரிந்து இறங்கியது, அந்தச் சரிவு முடிகிற இடத்தில் அவர் நின்றார். கோடு கையைப் பிடித்துக் கூட்டிப் போவதுபோல் கண் நேரே அவரிடம் போகிறது!

இன்னொன்று, அவர் தலையும் பாலத்தூணும் ஒட்டக் கூடாது, இடையில் வெறும் வெளி தெரிய வேண்டும். வலை விழப்போகிற பக்கம் தாராளமாக இடம் விட்டால் பார்வை அவரைத் தொட்டு, விரிந்த வலைக்கும் போகும். இதெல்லாம் சரியாக அமைந்தபின் பின்னணியை மங்கலாக்கும் தேவையே வரவில்லை.