உழவர் சந்தைக்குப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாமே

"இன்னைக்கு முருங்கைக்காய் சாம்பார்" என்று வீட்டிலேயே முடிவுகட்டிவிட்டுப் பையைத் தூக்குவதுதான் முதல் தவறு. மார்கழியில் முருங்கைக்காய் விலை பல வருஷங்களில் உச்சாணிக் கொம்பில் நிற்கும். அதே நாளில் பக்கத்திலேயே அவரையும் பச்சை மொச்சையும் குவிந்து கிடக்கும். 1999-ல் மதுரையில் தொடங்கிய இந்தச் சந்தைகளில் அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு ஒரு சுற்று நடந்தாலே போதும். பத்து கடையில் ஒரே காய் குவிந்திருந்தால் அதுதான் அன்றைய குழம்பு. ஆனால் விடிகாலையிலேயே போக வேண்டும். வெயில் ஏறிய பிறகு போய்க் கீரை வாடிக்கிடக்கிறது என்று சலித்துக்கொள்வதில் நியாயமில்லை.

வாங்கியதை எப்படிச் சமைக்கிறோம் என்பதில்தான் கோட்டை விடுகிறோம். பச்சை மொச்சையைக் காய்ந்த மொச்சை மாதிரியே நினைத்துக் குக்கரில் நாலு விசில் விட்டால் கூழாகிவிடும். திறந்த பாத்திரத்தில் உப்புப் போட்டு வேகவிட்டு, ஒன்றை எடுத்து நசுக்கிப் பாருங்கள். தோல் பிரியாமல் உள்ளே மாவாக அழுந்தினால் இறக்கிவிடலாம். மசாலாவும் பாதி போதும். அந்தப் பச்சை வாசத்துக்காகத்தானே வருஷம் பூராவும் காத்திருந்தோம்? தோலோடு வாங்கும்போது இன்னொன்று: ஒரு கிலோ உரித்தால் பாதிகூடத் தேறாது, கணக்குப் பார்த்து வாங்குங்கள்.

எல்லாக் காயும் புதுசாக இருந்தால்தான் நல்லது என்பதும் தவறு. பிடிகருணை இதற்கு நேர்மாறு. மண் ஈரத்தோடு வந்ததை அன்றே சமைத்தால் நாக்கும் தொண்டையும் நமநமக்கும். அதிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாகக் குத்துவதுதான் காரணம். காற்றோட்டமான மூலையில் சில வாரம் போட்டுவையுங்கள். பிறகு புளித்தண்ணீரில் நன்றாக வேகவைத்துத் தோலை உரியுங்கள். பச்சையாக நறுக்குவதென்றால் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளாமல் தொடவே கூடாது.

தை மாதச் சர்க்கரைவள்ளியைப் பச்சையாக ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், வேகவைத்தாலும் நடுவில் கட்டியாக நிற்கும். கீரைக்கட்டைக் கழுவி வைக்காமல், முடிச்சை அவிழ்த்து மண்ணை உதறிக் காகிதத்தில் சுற்றி வையுங்கள். புதுச் சின்ன வெங்காயத்தில் ஈரம் இருக்கும், பிளாஸ்டிக் பையோடு விட்டால் அழுகல்தான். தரையில் பரப்பிவிடுங்கள்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று கொத்தவரையை அள்ளிக்கொண்டு வந்துவிட்டீர்களா? தப்பில்லை, வற்றல் போடலாம். உப்புப் போட்டு அரைவேக்காடாக வேகவைத்து, நீரை வடித்து, மோரில் ஊறவைத்துக் காயப்போட வேண்டும். மூட்டமான நாளில் ஆரம்பித்தால் பூஞ்சை பிடித்துவிடும். தொடர்ந்து நாலு நாள் நல்ல வெயில் அடிக்கும் என்று தெரிந்த பிறகு அடுப்பை மூட்டுங்கள்.