மணப்பெண் ஆடையகம் கைமாறும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ காலி வீதியோரம் உள்ள ஒரு மணப்பெண் ஆடையகம் விலைக்கு வருகிறதென்றால், வாங்க நினைப்பவர் முதலில் கடை அலங்காரத்தையும், தொங்கும் லெஹங்காக்களையும் கோட்டுகளையும், தையல் இயந்திரங்களையும் பார்த்தே மனத்துக்குள் ஒரு தொகையைப் போட்டுக்கொள்கிறார். விற்பவர் காட்ட விரும்புவதும் அவற்றைத்தான். மேசை இழுப்பறையில் கிடக்கும் ஓடர் புத்தகத்தை இருவருமே கடைசியில்தான் திறக்கிறார்கள். சில பேரங்களில் அது திறக்கப்படுவதே இல்லை.

பெருந்தவறு அங்கேதான் நேர்கிறது. இந்தத் தொழிலில் பணம் முன்னதாகவும் வேலை பின்னதாகவும் வருவதால், வாங்கி வைத்திருக்கும் முற்பணம் வருமானமல்ல, ஒரு குறித்த திகதியில் தீர்க்க வேண்டிய கடன். ஒரு கடையில் 35 ஓடர்கள் நிலுவையில் இருப்பதாகவும், ஒவ்வொன்றுக்கும் 50,000 ரூபா முற்பணம் பெறப்பட்டிருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். அந்த 17 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவை விற்பவர் தம்மோடு கொண்டுபோனால், புதியவர் மிகுதிப் பணத்தை மட்டும் நம்பித் துணி வாங்கி, ஆரி வேலை செய்பவருக்குக் கூலி கொடுத்து, உடையை முடித்துத் தர வேண்டியிருக்கும். பழைய உரிமையாளர் செய்த ஒப்பந்தத்துக்குத் தாம் பொறுப்பில்லை என்று அவர் வாதிடலாம். திருமணத்துக்குப் பத்து நாட்கள் இருக்கையில் கடைக்கு வந்து நிற்கும் பெண்ணின் தாயிடம் அந்த வாதம் எடுபடாது. ஆகவே ஒவ்வொரு ஓடருக்கும் திருமணத் திகதி, முற்பணம், துணி வாங்கப்பட்டதா, வெட்டப்பட்டதா, எத்தனையாவது ட்ரையல் என்பவற்றை எழுதிய பட்டியலொன்றைத் தயாரித்து, வாங்கிய முற்பணத்தில் இன்னும் வேலையாக மாறாத பகுதியை விற்பனை விலையிலிருந்து கழிக்க வேண்டும். வாடகைக்குக் கொடுக்கும் கோட்டுகளுக்கும், கண்டிய மணமகன் அணியும் நிலமே உடைகளுக்கும் வாங்கிய வைப்புப் பணமும் இதே வகைதான். உடை திரும்பி வரும் நாளில் அப்பணத்தைக் கேட்டு வாடிக்கையாளர் வரும்போது, கல்லாப்பெட்டிக்கு முன்னால் இருப்பவர் புதிய உரிமையாளர்.

இருப்பின் பெறுமதியைக் கொள்வனவு விலையில் கணக்கிடுவது அடுத்த தவறு. 2022ஆம் ஆண்டில் டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கு மேல் ஏறிய காலத்தில் இந்தியாவிலிருந்து வாங்கிய சரக்கின் பற்றுச்சீட்டை நீட்டி, அந்த விலையையே தருமாறு கேட்பவர்கள் உண்டு. கூறைச்சேலை வருடக்கணக்கில் இருந்தாலும் விலைபோகும். மூன்று வருடங்களுக்கு முந்திய வடிவமைப்பில் வந்த லெஹங்காவைக் குறைந்த வாடகைக்கு விடுவதைத் தவிர வேறு வழியில்லை. வாடகை உடைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் விரித்து, அக்குள் தையலையும் சரிகை கறுத்திருப்பதையும் பார்த்த பிறகே விலை பேச வேண்டும். ஆவணியிலோ தையிலோ ஒரு சனிக்கிழமை நின்று பார்த்துவிட்டு வருடம் முழுவதும் இப்படித்தான் வியாபாரம் நடக்கும் என்று முடிவு செய்வதும் ஏமாற்றத்தையே தரும். ஆடியிலும் மார்கழியிலும் இந்துத் திருமணங்கள் ஓய்ந்துவிடும். நோன்பு மாதத்தில் முஸ்லிம் குடும்பங்களும் தவக்காலத்தில் கத்தோலிக்கரும் பெரும்பாலும் திருமணம் வைப்பதில்லை. பன்னிரண்டு மாதக் கணக்கையும் பார்க்காமல் விலை சொல்வது வீண் துணிச்சல்.

எதை வாங்குகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளாமல் பணம் கொடுப்பவர்களும் குறைவல்லர். தனியுரிமை வியாபாரமாயின், பிரதேச செயலகத்தில் பெற்ற வியாபாரப் பெயர்ப் பதிவு பழைய உரிமையாளரின் பெயரிலேயே இருக்கும். சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டதால் அது மாறிவிடாது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்கீழ் பதிந்த கம்பனியின் பங்குகளை வாங்கினால், அதன் வங்கிக்கடனும் வரி நிலுவையும் கம்பனியோடு சேர்ந்தே வரும். கடையின் பெயருக்காகவே கூடுதல் பணம் கொடுப்பவர், அது வியாபாரக் குறியாகப் பதியப்பட்டதா என்றும், பதிவு யாருடைய பெயரில் உள்ளது என்றும் பார்த்து, எழுத்து மூலம் உரிமை மாற்றம் செய்து, அதைத் தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் பதிவிப்பது அவசியம். முகநூல் பக்கமும் வாட்ஸ்அப் இலக்கமும் உடன்படிக்கையில் எழுதப்பட வேண்டியவை. இன்று ஓடர்களில் பெரும்பகுதி அவற்றின் வழியாகவே வருகிறது.

கட்டடம் வாடகைக்குரியதாயின், உரிமையாளரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்கக்கூடாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் முதல் இருந்துவரும் விதி. கீ மணியை, அதாவது கடையிடத்தைப் பெறுவதற்காக வாடகைக்கு மேலாகக் கொடுக்கும் தொகையை, வாய்ப்பேச்சில் கைமாற்றுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஊழியர் விடயத்தில் கணக்கு மட்டும் பார்த்தால் போதாது, ஆனால் கணக்கையாவது பார்க்க வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்கொள்வோர் 12 சதவீதமும் ஊழியர் 8 சதவீதமும், ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்கொள்வோர் 3 சதவீதமும் செலுத்தியிருக்க வேண்டும். தவறியிருந்தால் மேலதிகக் கட்டணம் சேர்ந்திருக்கும். 15 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருடச் சேவை முடித்த மாதச் சம்பள ஊழியருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை உரித்தாகும். அந்தச் சுமை யாருடையது என்பது விலையிலேயே பேசித் தீர்க்கப்பட வேண்டும். வெட்டுபவரும், வீட்டிலிருந்து மணி கோத்துத் தரும் பெண்களும் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதிருக்கலாம். அவர்கள் புதியவரிடம் தொடர்ந்து வேலை செய்வார்களா என்பதை விற்பவரிடம் கேட்பதைவிட அவர்களிடமே கேட்பது மேல். விற்பவர் வெட்டுபவரையும் அழைத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளிப் புதுக்கடை திறப்பதைத் தடுக்கும் நிபந்தனை, நியாயமான காலத்துக்கும் தூரத்துக்கும் உட்பட்டதாக, சட்டத்தரணி எழுதும் உடன்படிக்கையில் இடம்பெற வேண்டும்.

முழு விலையையும் சாவி வாங்கும் நாளிலேயே கொடுத்துவிடுவது இவற்றுக்கெல்லாம் மேலான அவசரம். கையளிப்பை முடிந்தவரை ஆடி மாதத்தில் வைத்துக்கொண்டு, விலையின் ஒரு பகுதியைத் தவணையாக நிறுத்தி, இறுதிக் காசோலையின் திகதியைப் பழைய ஓடர்களில் கடைசித் திருமணம் முடிந்த பின்னான ஒரு நாளுக்கு இடுவது நல்லது.