மறுமலர்ச்சிக் கால அலங்காரச் சித்திரம்: மலேசியாவின் சுங்கை சிப்புட் ஈரக்காற்றில் வரையும் முறை

ரோமில் மண்மூடிக் கிடந்த, பேரரசன் நீரோவின் பொன் மாளிகை 1480 வாக்கில் வெளிப்பட்டது. அதன் சுவர்களில் படரும் செடிக்கொடி, முகமூடி, பாதி மனிதன் பாதி இலை. ஓவியர் ரஃபேலின் பட்டறை 1519-இல் முடித்த வத்திகன் நடைக்கூடத்தில் இதே பாணிதான். அந்தப் பாணியில் ஒரு படத்தை மையால் வரைவோம்.

300 கிராம் நீர்வண்ணத் தாள், ஏ3 அளவு போதும். மெல்லிய தாள் ஈரம் பட்டதும் அலை அலையாய் எழும்பும். நான்கு ஓரமும் பலகையில் டேப் ஒட்டி, நடுவே ஒரு நெட்டுக்கோடு இழுங்கள்.

கோட்டின் மேல்பகுதியில் 10 செ.மீ. உயர முட்டை வடிவச் சட்டம். அதற்குள் ஒரு கிரேக்கப் புராணக் காட்சி: பாறையில் கட்டுண்ட இளவரசி ஆண்ட்ரோமிடா, அவளை மீட்க வாளோடு வரும் வீரன் பெர்சியஸ், கடல் பூதம். மூன்று உருவத்துக்கு மேல் திணித்தால் எதுவும் தெரியாது. கீழே கிண்ணம், அதிலிருந்து சுருளும் கொடி. இடப்பக்கக் கொடியை மட்டும் வரைந்து, டிரேசிங் தாளில் 2பி பென்சிலால் படியெடுங்கள். தாளை வலப்பக்கம் கவிழ்த்துக் கரண்டி முதுகால் தேய்த்தால் மறுபாதி பதிந்துவிடும்.

பலர் கோட்டைவிடுவது நிழலில். வடிவம் கண்ணாடி போல் திரும்பலாம், நிழல் திரும்பக்கூடாது. வெளிச்சம் இடமிருந்து என்றால் இரு பாதியிலும் நிழல் வலப்புறமே.

தண்ணீரில் கரையாத பழுப்பு மையால் கோடு. நன்றாகக் காய்ந்தபின் 1 துளி மைக்கு 10 துளி நீர் கலந்து முதல் பூச்சு, ஆழமான நிழலுக்கு 1 துளி மைக்கு 4 துளி நீர்.

மதிய மழைக்குப் பிறகு மை கசிந்து பரவினால் தாள் ஈரம் குடித்திருக்கிறது. தாளை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு பிளாஸ்டிக் பையில் மூடி வையுங்கள். உள்ளங்கை வியர்வை பட்ட இடத்தில் மை ஒட்டாது. கைக்கடியில் ஒரு துண்டுத் தாள் வையுங்கள்.