குதிரைக்கு முன்னங்கால் ஜவ்வு கிழிந்தால்: முதல் நாளிலிருந்து மறுபடி வண்டி பூட்டும் வரை

பந்தயம் முடிந்து வண்டியை அவிழ்த்ததும் குதிரை முன்னங்காலைத் தாங்கித் தாங்கி வைக்கிறது, முட்டிக்குக் கீழே பின்பக்கம் வீங்கியிருக்கிறது, தொட்டால் சுடுகிறது என்றால் முதலில் அதை நடத்திப் பார்ப்பதை நிறுத்துங்கள். சுற்றி நிற்கிறவர்கள் "ரெண்டு ரவுண்டு நடத்திப் பாருப்பா, சரியாயிரும்" என்பார்கள். அந்த ரெண்டு ரவுண்டிலேயே பாதி கிழிந்த ஜவ்வு முழுசாகக் கிழிந்துவிடலாம். மேலூரோ திருப்பத்தூரோ, எந்த ஊர்ப் பந்தயமாக இருந்தாலும் லோடு வண்டி பிடித்து ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், பின்னால் கட்டி நடத்திக் கூட்டி வரக்கூடாது.

காலை ஊன்றவே மாட்டேன் என்கிறது, அல்லது குளம்புக்கு மேலே இருக்கிற மூட்டு தரையை நோக்கி இறங்கிவிட்டது, அல்லது தோல் கிழிந்திருக்கிறது என்றால் அது வீட்டில் வைத்துப் பார்க்கிற சமாச்சாரம் இல்லை. உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், 1962-க்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸுக்கு வழி கிடைக்கும். காயம் இருந்தால் தனுர்வாத ஊசியைக் கேட்டுப் போடச் சொல்லுங்கள், மாட்டை விடக் குதிரைக்கு அந்த நோய் சுலபமாக வரும்.

முதல் 2, 3 நாள் முழுக்கக் குளிர்ச்சிதான் மருந்து. மீன் கடையில் விற்கிற ஐஸை நொறுக்கி, பழைய துணிப்பையில் போட்டு, காலில் ஒரு ஈரத்துணி சுற்றி அதன் மேல் 20 நிமிடம் வைத்து எடுங்கள், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. ஐஸ் நேராகத் தோலில் படக்கூடாது. ஐஸ் கிடைக்காத ஊரில் மோட்டார் தண்ணீரை ஹோஸ் வழியாகக் காலில் விடலாம், ஐஸ் அளவுக்கு வராது, ஆனாலும் சும்மா விடுவதற்கு அது மேல். அப்புறம் காலைத் துடைத்துக் காயவிட்டு, தடிமனாகப் பஞ்சு வைத்து, எல்லா இடத்திலும் ஒரே அழுத்தமாக வரும்படி கட்டுப் போடுங்கள். பஞ்சு இல்லாமல் இறுக்கிக் கட்டினால் கட்டே இன்னொரு காயமாகிவிடும். நல்ல காலுக்கும் கட்டு வேண்டும், ஏனென்றால் மொத்தப் பாரமும் இப்போது அந்தக் காலில்தான் நிற்கிறது. காலையும் மாலையும் அவிழ்த்துப் பார்த்து மறுபடி கட்டுங்கள்.

இந்த நாட்களில் எண்ணெய் போட்டு உருவுவது, சூடான ஒத்தடம், பிரண்டைப் பத்து எதுவும் வேண்டாம். சூடும் உருவலும் வீக்கத்தைக் கூட்டும், பச்சைப் பிரண்டை தோலை அரிக்கும். பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடுகிற வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வெந்த தோல் ஆறுவதற்குள் குதிரை படுகிற பாடு கொஞ்சநஞ்சமில்லை, உள்ளே கிழிந்த ஜவ்வுக்கு அதனால் ஒரு நன்மையும் கிடையாது.

வலிக்கு மனிதர் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள். டைக்ளோஃபெனாக் கால்நடைகளுக்கு 2006-லிருந்தே தடை, அந்த மருந்து ஏறிய பிணத்தைத் தின்ற கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததுதான் காரணம். டாக்டர் எழுதுகிற வலி மருந்தைக்கூடச் சொன்ன நாளுக்கு மேல் நீட்டினால் வயிற்றில் புண் வரும், தண்ணீர் சரியாகக் குடிக்காத குதிரைக்குச் சிறுநீரகமும் கெடும்.

ஒரு வாரத்துக்குள் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். நொண்டுகிற குதிரைக்கெல்லாம் ஜவ்வுதான் காரணம் என்று இல்லை, குளம்புக்குள் சீழ் வைத்தாலும் இதே மாதிரிதான் நொண்டும். குதிரைக்கு ஸ்கேன் எங்கே எடுக்கலாம் என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், மதுரையில் முடியாவிட்டால் திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம். எங்கே கிழிந்திருக்கிறது, எவ்வளவு கிழிந்திருக்கிறது என்பது ஸ்கேனில்தான் தெரியும், கையால் தடவிச் சொல்கிறவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும் அது பாதிதான்.

இனிமேல்தான் கஷ்டமான பகுதி. மூன்று நாலு வாரத்தில் வீக்கம் வடிந்துவிடும், நொண்டல் போய்விடும், குதிரை லாயத்தில் நின்று கனைக்கும். வலிதான் போயிருக்கிறது, ஜவ்வு ஆறவில்லை. ஜவ்வுக்குள் ரத்த ஓட்டம் ரொம்பக் குறைவு, அதனால் தசை ஆறுகிற வேகத்தில் அது ஆறாது. கிழிந்த இடத்தில் முதலில் வளர்கிற நார் தாறுமாறாகக் கிடக்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் ஏறினால்தான் அது காலின் நீளவாக்கில் வரிசைக்கு வரும். அதனால் முழு ஓய்வும் தப்பு, சீக்கிரம் ஓட்டுவதும் தப்பு. நல்ல கிழிசலுக்கு 9 மாதத்திலிருந்து ஒரு வருஷம் ஆகும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். ஆடி மாதப் பந்தயத்துக்கு ஆள் வந்து கேட்பார்கள், முன்பணம்கூடத் தருவார்கள். இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

டாக்டர் சரி என்றதும் கையில் பிடித்து நடத்த ஆரம்பிக்கலாம். முதலில் காலையில் 5 நிமிடம், மாலையில் 5 நிமிடம், அப்புறம் வாரத்துக்கு 5 நிமிடமாகக் கூட்டி, மூன்றாவது மாத முடிவில் 40 நிமிடம் வரை போகலாம். கெட்டியான, சமமான தரையில் நேராக நடத்துங்கள். வைகை மணலில் நடத்தினால் காலுக்கு மெத்தென்று இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆழமான மணலில் குளம்பு புதைந்து இழுக்கும்போது இந்த ஜவ்வுக்குத்தான் பாரம் அதிகம். வட்டமாகச் சுற்ற விடவும் கூடாது. சித்திரை, வைகாசியில் விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள். ஊரில் திருவிழா என்றால் அன்றைக்கு வெளியே எடுக்கவே வேண்டாம், ஒரு வேட்டுச் சத்தத்துக்குக் குதிரை துள்ளினால் மூன்று மாத உழைப்பு போய்விடும். துடிப்பான குதிரை என்றால் தலைக்கயிற்றோடு கடிவாளமும் போட்டு இரண்டு பேர் பிடியுங்கள், அதற்கும் அடங்காவிட்டால் மயக்க மருந்து பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

லாயத்தில் 12-க்கு 12 அடி இடம் இருந்தால் கட்டாமல் விடலாம். குட்டைக் கயிற்றில் நாள் முழுக்கக் கட்டிப்போட்டால் நல்ல காலும் கெட்டுவிடும். பக்கத்தில் ஒரு ஆட்டைக் கட்டினால் துணைக்கு இருக்கும், பல குதிரைகள் அதில் அமைதியாகிவிடுகின்றன.

தீனியில் கொள்ளையும் ஓட்ஸையும் பாதிக்கு மேல் குறையுங்கள், ஒரே நாளில் இல்லை, ஒரு வாரத்தில் படிப்படியாக. வேலையில்லாத குதிரைக்குப் பந்தயத் தீனி கொடுத்தால் அது லாயத்துச் சுவரை உதைக்கும், எடையும் ஏறும். உலர்ந்த புல் தாராளமாகப் போடுங்கள், இளம் சோளப்பயிரைப் பச்சையாகப் போடாதீர்கள், விஷம்.

லாடக்காரரை 5, 6 வாரத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லுங்கள். குளம்பின் முன்பக்கம் நீண்டு, குதிப்பக்கம் தாழ்ந்து கிடந்தால் அடி வைக்கும்போதெல்லாம் ஜவ்வு இழுபடும்.

மூன்றாவது மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுத்து, நார் வரிசைக்கு வந்திருந்தால்தான் நடைக்கு நடுவில் ஒன்றிரண்டு நிமிட ஓட்டம். அதை மாதக்கணக்கில் கூட்டி, ஆறாவது மாதத்துக்கு மேல் இன்னொரு ஸ்கேனும் சரியாக இருந்தால் காலி வண்டி பூட்டலாம், வேகம் இல்லாமல், சமரோட்டில். ஒவ்வொரு படி கூட்டிய மறுநாள் காலையிலும், கட்டை அவிழ்த்ததும் தையற்காரர் டேப்பால் இரண்டு காலையும் ஒரே இடத்தில் அளந்து எழுதி வையுங்கள், நேராக நடத்தி போனில் வீடியோ எடுத்துப் போன வாரத்து வீடியோவோடு வைத்துப் பாருங்கள். சூடு தெரிந்தாலோ சுற்றளவு கூடினாலோ முந்தின படிக்கு இறங்கி இரண்டு வாரம் அங்கேயே இருங்கள், அப்போதும் குறையவில்லை என்றால் அடுத்த ஸ்கேன் வரை வண்டி வேண்டாம்.